கேட்காமல் போன இரண்டு சொற்களைக் கேட்டுச் சொன்னவருக்கு

படத்தைப் பார்த்துக் கருத்தெழுதிய அனைவருக்கும் வணக்கம்.

குற்றமும் காதலும் சேர்ந்த எங்கள் சின்னப் படம் வெளிவந்த இந்தப் பதினொரு நாட்களில், அதன் முடிவைப் பற்றி எழுந்த சண்டையை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு விருப்பமும் இல்லை, வலுவும் இல்லை. திருத்திய பிரதி நேற்றிரவு முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது என்பது உறுதியானதும், பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. நன்றி சொல்லாமல் விட்ட, முகம் தெரியாத மனிதர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அதனால் விடியும் முன்பே எழுந்து இதை எழுதுகிறேன். படத்தைப் பார்த்தவர்களுக்கு எழுதுவதால் முடிவை மறைக்காமல் பேசுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கருத்துகள் முதல் இரண்டு நாட்களிலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஒரு படம் சிலருக்குப் பிடிப்பதும் சிலருக்குப் பிடிக்காமல் போவதும் இயல்புதான். ஆனால் இந்தப் பிரிவு வேறு மாதிரி இருந்தது. ஒரு சாரார் இறுதிக் காட்சியைப் பார்த்து அழுததாக எழுதினார்கள். மறு சாரார், காதலன் கைதாகப் போகும் நேரத்தில் கதாநாயகி எதற்கு அவன் தோளில் சாய்கிறாள், அவன் எதற்குத் திடீரென்று அவள் கையைப் பிடிக்கிறான், இதற்காகவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டார்கள். நாள் செல்லச் செல்ல, பாராட்டியவர்கள் எல்லோரும் படக்குழுவின் நண்பர்கள் என்ற பேச்சு எழுந்தது. குறை சொன்னவர்கள் கவனித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற பதிலும் எழுந்தது. இரு தரப்பும் தாம் கண்டதையும் கேட்டதையும் உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தன என்பது, படத்தை எடுத்த எங்களுக்கே தெரியவில்லை.

எட்டாம் நாள் மாலை ஒரு பார்வையாளரிடமிருந்து ஏழே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. இந்த மடலின் பெரும்பகுதி அவருக்கு உரியது. அவர் எங்களுக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர். முதல் நாளே படத்தைப் பார்த்துவிட்டு, முடிவு பொருளற்றது என்று கண்டிப்பாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் மற்றவர்கள் எழுதியதை வாசித்தபோது, அழுததாகச் சொன்னவர்களை அவர் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கேட்ட ஏதோ ஒன்று தனக்குக் கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். தனக்குப் பிடிக்காத ஒரு படத்தின் கடைசிப் பகுதியை, அந்த ஒரு சந்தேகத்துக்காக, தங்கையை அருகில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி ஓட விட்டிருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் தூங்கிவிட்டதால் இயர்போனின் ஒரு முனையைத் தம் காதிலும் மறுமுனையைத் தங்கையின் காதிலும் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

1 மணி 27 நிமிடம் 12 நொடியில் இருவருக்கும் அது கேட்டது. “நான்தான் சொன்னேன்.”

படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். காவல்துறை வாகனத்தின் வெளிச்சம் பின்கண்ணாடியில் விழுகிறது. அவள் அவன் பக்கம் சாய்ந்து, அவனைக் காட்டிக்கொடுத்தது தானே என்பதை அவன் காதோடு சொல்கிறாள். அவன் சிறிது நேரம் அசையாமல் இருந்துவிட்டு அவள் கையைப் பற்றிக்கொள்கிறான். 94 நிமிடமும் அந்தக் கைப்பிடியை நோக்கித்தான் கதை நடக்கிறது. அவளுடைய முகம் அவன் தோளுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் உதட்டசைவு தெரியாது. அந்த இரண்டு சொற்கள் கேட்காதவருக்கு, அவள் பேசினாள் என்பதே தெரிய வாய்ப்பில்லை.

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் என்னை இன்னும் வியக்கவைக்கிறது. இயர்போனைக் கழற்றிவிட்டு, கைபேசியின் ஒலிபெருக்கியில் அதே இடத்தை மறுபடி ஓட்டியிருக்கிறார். மழைச் சத்தம் கேட்டது, இசை கேட்டது, குரல் மட்டும் கேட்கவில்லை. ஒலி அளவை முழுவதுமாகக் கூட்டிப் பார்த்தும் கேட்கவில்லை. மீண்டும் இயர்போனை மாட்டினால் கேட்டது. நான்கு முறை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்து, தமது கைபேசியில் ஒரே ஒரு ஒலிபெருக்கிதான் உண்டு என்பதையும் எழுதி, “உங்கள் ஒலிக்கலவை செய்தவரிடம் இதைக் காட்டுங்கள், அவருக்குக் காரணம் புரியலாம்” என்று முடித்திருந்தார்.

காரணம் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். எங்கள் படத்தின் ஒலி, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு தடங்களாக இருக்கிறது. இடது தடத்தில் அலை மேலே ஏறும் அதே கணத்தில் வலது தடத்தில் அதே அலை அதே அளவு கீழே இறங்கும்படி அமைத்தால், இயர்போனில் அந்தக் குரல் ஒரு புள்ளியிலிருந்து வராமல் கேட்பவரைச் சூழ்ந்து நிற்பதுபோல் இருக்கும். அந்த உணர்வு வேண்டும் என்றுதான் அந்த ஒரு வாக்கியத்தை அப்படித் தலைகீழாக்கி வைத்தோம். ஆனால் ஒற்றை ஒலிபெருக்கி உள்ள கருவி இரண்டு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கித்தான் ஒலிக்கும். ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்கும்போது கூட்டினால் மிஞ்சுவது பூஜ்யம். மழையும் இசையும் அப்படி அமைக்கப்படாததால் அவை தப்பித்தன. படத்தின் பொருள் முழுவதையும் தாங்கிய இரண்டு சொற்கள் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அதனால் கேட்டவர்களுக்கு ஒரு படமும் கேட்காதவர்களுக்கு வேறொரு படமும் கிடைத்திருக்கிறது. அந்த உத்தியை வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். தயங்கிய ஒலிக்கலவையாளரை நான்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். இரண்டு தடங்களையும் ஒன்றாக்கிக் கேட்டுச் சரிபார்ப்பது ஒலிக்கலவையில் மிகப் பழைய வழக்கம். கடைசி வார அவசரத்தில் அதைச் செய்யாமல் படத்தை வெளியே அனுப்பினோம். இப்போது அந்தக் குரல் இரு தடங்களிலும் ஒரே அலையாக நடுவில் இருக்கிறது. எந்தக் கருவியில் கேட்டாலும் மறையாது. திருத்துவதற்கு எங்களுக்கு ஆனது நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத் திருத்தம் எங்களில் ஒருவருக்கு என்ன தந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு புரியவில்லை என்று எழுதியவர்களில் பலர், அதற்கான காரணத்தைக் கதாநாயகியின் நடிப்பில் தேடினார்கள். அவர் முகத்தில் உணர்ச்சியே இல்லை என்றும், குற்றவாளியைக் காதலிக்கும் பெண்ணின் மனம் அவருக்குப் பிடிபடவில்லை என்றும் எழுதப்பட்டது. மற்றவற்றை இங்கே எழுத மாட்டேன். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்ட படத்தில் அந்தக் குரல் இல்லை, குரல் இல்லாத இடத்தில் முகத்தை மட்டும் வைத்துத்தான் அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. ஆனால் எனக்கு அந்தச் சமாதானம் கிடையாது. ஐந்தாம் நாள் இரவு, அந்தக் காட்சியை எங்கள் அறையின் நல்ல ஒலிபெருக்கிகளில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்லியிருக்கலாமோ என்ற எண்ணம் எனக்கே வந்தது. அவர் சரியாகச் சொன்னார் என்பதைப் படப்பிடிப்பில் நேரில் கண்டவன் நான். இருந்தும் பல பேர் சொல்லச் சொல்ல, என் கண்ணையும் காதையும் நான் நம்பாமல் போனேன். இதை அவரிடம் நேற்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன். கடிதம் எழுதியவரே, உங்கள் ஏழு வாக்கியங்களை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அவர் வீட்டை விட்டு வெளியே வந்து எங்களுடன் பேசினார்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கடிதம் எழுதிய அந்த அன்பர், முடிவைப் பற்றிய தம் பழைய கருத்தைத் திருத்தி எழுதியபோது, படத்தின் நடுப்பகுதியைப் பற்றிய குறையை அப்படியே விட்டுவைத்தார். அவன் கொள்ளையில் ஈடுபட்டவன் என்று தெரிந்த பிறகும் அவள் அவனை மன்னிப்பதற்கு ஒரே ஓர் இரவுதான் ஆகிறது, அது போதாது என்பது அவர் கருத்து. அதைத்தான் நான் அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் கொள்கிறேன். அவர் சொல்வது சரியும்கூட. குற்றமும் காதலும் சேர்ந்த கதையில், அவன் செய்தது தவறு என்பதையும், அது தெரிந்தே அவள் அவனோடு இருப்பாள் என்பதையும் பார்ப்பவர் ஒரே நேரத்தில் நம்ப வேண்டும். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் அவர் கதையிலிருந்து எழுந்து போய்விடுவார். அந்த நம்பிக்கையை உண்டாக்க விலை உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. எழுத்தில் இன்னும் இரண்டு காட்சிகள் வேண்டியிருந்தன, நான் எழுதவில்லை. “சின்ன பட்ஜெட் படம்தானே, பெரிதுபடுத்த வேண்டாம்” என்று எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களின் அன்புக்கு நன்றி. ஆனால் இந்தக் குறைக்குப் பண நெருக்கடியைக் காரணம் காட்ட என் மனம் ஒப்பவில்லை.

மற்ற உதவிகளையும் இங்கேயே நன்றியோடு சொல்லிவிடுகிறேன். சப்டைட்டில் கோப்பை முழுவதும் திருத்தி அனுப்பியவருக்கு நன்றி. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடும் படத்தோடு, 25 சட்டங்களுக்கு நேரம் குறித்த கோப்பை இணைத்துவிட்டோம். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்து இரண்டு நிமிடத்துக்கும் மேல் முந்திக்கொண்டு போனது. எழுத்தை நம்பிப் படம் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு சொற்களும் மூன்றரை நிமிடம் முன்பாகவே, வேறொரு காட்சியின்மேல் தோன்றி மறைந்திருக்கின்றன. இரவுக் காட்சிகளில் முகம் தெரியவில்லை என்று சொன்னதோடு நிற்காமல், தங்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பியவர்களுக்கும் நன்றி. 8 பிட் பிரதியில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம்வரை 256 படிகளே உண்டு. அவற்றில் இருட்டுக்குக் கிடைப்பவை சில. கோப்பின் அளவைச் சுருக்கும்போது அந்தச் சிலவும் கலந்து கட்டம் கட்டமாகிவிடுகின்றன. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் ஒளிப்பதிவாளர் மூன்று காட்சிகளின் ஒளியைச் சற்று உயர்த்தினார்.

கொள்ளைக் காட்சியில் கேமரா கடைசிவரை காருக்குள்ளேயே இருப்பதைக் கண்டு, உள்ளே போய்ப் படமெடுக்கக் காசில்லை என்று சிலர் எழுதியபோது, 1950இல் வெளிவந்த, ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ படத்தை ஒருவர் நினைவூட்டினார். அதில் ஒரு வங்கிக் கொள்ளை முழுவதும், கேமரா வங்கிக்குள் நுழையாமல், காருக்குள் பின்பக்கத்திலிருந்து ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. எங்களிடம் காசில்லாதது உண்மை. கொள்ளை நடக்கும் நேரத்தில், எதுவும் தெரியாமல் வெளியே காத்திருப்பவளின் முகம்தான் இந்தக் கதைக்கு வேண்டும் என்று நாங்கள் நம்பியதும் உண்மை. அந்த நம்பிக்கையை எங்களைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னவருக்கு நன்றி. சண்டை முற்றிய நாட்களில் இரு தரப்பையும் அமைதிப்படுத்தியவர்களுக்கும், பிடிக்கவில்லை என்பதைப் பண்போடு ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனவர்களுக்கும் அதே நன்றி.

இனி நான் செய்யும் எந்தப் படமும், ஒற்றை ஒலிபெருக்கி உள்ள ஒரு சாதாரணக் கைபேசியில் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கப்படாமல் வெளியே போகாது. அப்படிப் பார்க்கும்போது படத்தின் கதை தெரியாத ஒருவர் அருகில் இருப்பார். அவருக்கு எது கேட்கவில்லை என்பதை அவர் சொல்லும்வரை நான் பேச மாட்டேன். உங்கள் கருத்துகளில் ஒன்றுக்கொன்று முரண்படுபவற்றை இனி எடுத்தவுடன் யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமல், இருவரும் எந்தக் கருவியில், எப்படிப் பார்த்தார்கள் என்று முதலில் கேட்பேன்.

முடிவு புரியாமல் படத்தை வெறுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. முழுப் படத்தையும் மறுபடி பார்க்கும்படி கேட்க எனக்கு உரிமை இல்லை. கடைசி எட்டு நிமிடத்தை மட்டும், உங்களுக்கு வசதியான எந்தக் கருவியிலாவது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால், அதையும் எழுதுங்கள். அது இந்தப் படத்தைப் பற்றிய கருத்தாக இருக்கும், நான் தலைவணங்கி ஏற்பேன்.

கடிதம் எழுதியவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். அன்றிரவு இயர்போனின் மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, “எனக்கும் கேட்டது” என்று சொன்ன அவருடைய தங்கைக்கும் எங்கள் குழுவின் சார்பில் என் நன்றி.

அன்புடன்,
படத்தின் இயக்குநர்