வலையிறவுப் பாலத்தடியில் தவறவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த ஏப்ரல் 4ஆம் திகதியில் இருந்தே தொடங்குகிறார்கள். இந்தியா எச்சரித்தது, அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் கிடைத்தது, யாரும் அசையவில்லை. சரி, உண்மைதான். அதற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா கட்டச் சொன்னது. ஆனால் மட்டக்களப்பு வலையிறவுப் பாலத்தைத் தினமும் சைக்கிளில் கடக்கிற எனக்குக் கணக்கு அந்த ஏப்ரலுக்கு நாலு மாதம் முந்தியே தொடங்குகிறது.

2018 நவம்பர் 30. அந்தப் பாலத்தடி வவுணதீவுக் காவலரணில் இரண்டு பொலிஸாரைக் கொன்று, கைத்துப்பாக்கிகளையும் பறித்துப் போனார்கள். இறந்தவர்களில் ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். புலிகளின் மாவீரர் நாள் (நவம்பர் 27) முடிந்து மூன்றாம் நாள். அது ஒன்றே போதுமாக இருந்தது. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

என் மருமகனும் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவர்தான். அந்த வாரம் இரண்டு தடவை சிவில் உடுப்பில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்துக் கதிரையில் இருந்து, என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, 27ஆம் திகதி எங்கே விளக்கேற்றினாய், பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டார்கள். கொலை நடந்த இரவு எங்கே இருந்தாய் என்ற கேள்வி, எழும்பிப் போகும்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

செய்தது, பிறகு ஈஸ்டர் தாக்குதலை நடத்திய சஹ்ரானின் ஆட்கள். ஈஸ்டருக்குப் பிறகு அவருடைய சாரதி பிடிபட்டுச் சொல்லித்தான் அது தெரிந்தது. அந்த முன்னாள் போராளி வெளியே வந்தது 2019 மே மாதம்.

பாலத்தில் இருந்து காத்தான்குடிக்கு சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். 2017 மார்ச்சில் அங்கே சூஃபி முஸ்லிம்களோடு மோதிவிட்டுத் தலைமறைவானவர் சஹ்ரான். அவரைப் பிடியுங்கள் என்று அந்த ஊர் முஸ்லிம்களே வீதியில் இறங்கிக் கேட்டார்கள். (முழுச் சமூகத்தையும் திட்டி உங்களுக்கு எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை வாசிக்கட்டும்.) அவரைத் தேடிக்கொண்டிருந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் பிரதிப் பொலிஸ் மா அதிபரும் 2018 ஒக்டோபரில் வேறொரு விவகாரத்தில் கைதானார். அப்புறம் டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். ஜனவரியில் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் 100 கிலோ வெடிமருந்து அகப்பட்டது. அப்போதாவது வவுணதீவுக் கோப்பை எடுத்துத் தூசி தட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 21 காலை நான் ரவுணுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டபோது ஏதோ ஜெனரேட்டர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குண்டு வெடித்தது சீயோன் தேவாலயத்தில். அங்கே ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்திருந்த நேரம் அது.

நட்டஈடு கட்டச் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் கொழும்பில் இருந்த பெரியவர்கள். வவுணதீவு விசாரணையை அந்த ஒரு முன்னாள் போராளியோடு நிறுத்தியது யார், அவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று உங்கள் மட்டக்களப்பு நிருபர் தேடி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வவுணதீவு.