வெல்லாவெளி ஜீப்பின் கிளட்ச்

களுவாஞ்சிகுடி,
மாசி மாதம்.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல். வவுனியாவில் மழை பிந்தியது என்று எழுதியிருந்தாய். இங்கே பிந்தவும் இல்லை, பெய்யத் தொடங்கிய பிறகு விடவும் இல்லை. இப்போது படுவான்கரையில் அறுவடை மும்முரம். பட்டிருப்புப் பாலத்தால் நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் வந்தபடி இருக்கின்றன. மகளுக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவளுடைய அம்மா அதை ஊருக்கெல்லாம் சொல்லி முடித்து, இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறாள்.

உன் லாண்ட் ரோவருக்கு இசுசு எஞ்சின் போட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. ஆனால் அதற்கு முன் அண்மையில் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு ஜீப்பின் கதையைக் கேள்.

அதுவும் உன்னுடையதைப் போல சீரிஸ் 3தான். பிறக்கும்போது இருந்த 2286 சிசி எஞ்சின் எப்போதோ போய், 2771 சிசி இசுசு 4ஜேபி1 ஏறியிருக்கிறது. கியர்பொக்ஸ் மட்டும் பழையது. இரண்டையும் பொருத்த நடுவில் ஒரு அடாப்டர் பிளேட். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் இருந்து நெல் இழுப்பதுதான் அதன் வேலை. சொந்தக்காரர் ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர். அவர் ஒரு புதுக் கிளட்ச் பிளேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "தம்பி, இப்போது வருகிற பிளேட்டுகளில் தரம் இல்லை. ஒரு போகம்கூடத் தாங்குவதில்லை. இதைப் போட்டு விடுங்கள்" என்றார். நான் பிளேட்டை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, சாவியைக் கேட்டேன்.

கிளட்சைக் கழற்றுவதற்கு முன் காதால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. நம் ஆட்கள் அதற்குப் பொறுமை வைப்பதில்லை. எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, மிதியிலிருந்து காலை எடுத்துவிடு. அப்போது வருகிற இரைச்சல் மிதியை அழுத்தியதும் நின்றால், கியர்பொக்ஸின் முன் ஷாஃப்ட் பெயரிங்கைச் சந்தேகி. மிதியை இலேசாகத் தொட்டதும் சத்தம் தொடங்கினால் அது ரிலீஸ் பெயரிங். முழுவதும் அழுத்திய பிறகும் உள்ளே ஏதோ முனகினால், எஞ்சினின் கிராங் முனையில் அந்த ஷாஃப்டின் மூக்கைத் தாங்கும் ஸ்பிகட் புஷ்ஷை நினை. கிராங் சுற்ற ஷாஃப்ட் நிற்பது அந்த நேரத்தில் மட்டும்தான். புஷ்ஷுக்குள் உராய்வு வருவதும் அப்போதுதான்.

போடியாரின் ஜீப் மூன்றாம் வகை. அழுத்தினால் முனகியது. ரிவர்ஸ் போட்டால் பல் கடித்தது. மாஸ்டர் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர், குழாய் எல்லாம் பார்த்தோம். கசிவு இல்லை, தள்ளுகோலும் போதிய தூரம் நகர்ந்தது. ஆகவே கிளட்ச் விட்டுக்கொடுக்கிறது, ஷாஃப்ட்தான் நிற்க மறுக்கிறது. பிடித்துப்போன ஸ்பிகட் புஷ் அதைக் கிராங்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு கிளட்சை மூடியிருக்கும் ஹவுசிங்கின் அடியைப் பார்த்தேன். வெள்ளத்தைக் கடக்கும்போது தண்ணீர் ஏறாமல் திருகும் அடைப்பு அப்படியே இருந்தது. மார்கழி வெள்ளத்துக்குப் போட்டதைப் பிறகு யாரும் கழற்றவில்லை. கழற்றியதும் கறுப்புச் சேறும் ஒயிலும் கொட்டின. மோந்து பார்த்தால் கந்தக நெடி. எஞ்சின் ஒயிலுக்கு அந்த நெடி இல்லை. இது கியர்பொக்ஸுக்கு ஊற்றும் ஈபி 90 ஒயில். எஞ்சினின் பின் சீல் தப்பியது, குற்றவாளி கியர்பொக்ஸின் முன் சீல். அந்த அடைப்பைத் தண்ணீரைக் கடக்க மட்டும் போட்டு, கரையேறியதும் கழற்ற வேண்டும். உனக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும்.

சீரிஸ் ஜீப்பில் கியர்பொக்ஸை இறக்குவது என்று சொன்னாலும், உண்மையில் அது மேலேதான் ஏறும். சீட் பெட்டி, தரைத் தகடு எல்லாம் கழன்று கராஜ் முழுவதும் பரவிக் கிடந்தன. பிளேட்டை வெளியே எடுத்தபோது போடியார் பக்கத்தில் நின்றார். உராயும் தோல் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் நடு ஹப்பின் ரிவெட்டுகள் ஆடின, ஸ்பிரிங்குகளில் ஒன்றைக் காணவில்லை, ஷாஃப்டில் கோக்கும் உட்பற்களான ஸ்பிளைன் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பிரஷர் பிளேட்டின் விரல்களில் சில பளபளத்தன, சில மங்கிக் கிடந்தன. தரம் குறைந்த பிளேட் தோல் தேய்ந்து போகும். ஹப் இப்படிக் கிழியாது. கிராங்கில் பூட்டிய பிளைவீல் சக்கரம் பிளேட்டைக் கிராங்கின் மையத்தில் சுழற்றுகிறது. ஷாஃப்ட் தன் மையத்தில் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், கம்பியை மடக்கி மடக்கி முறிப்பது போல ஒவ்வொரு சுற்றிலும் ஹப் மடங்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 2000 முறை.

ஹவுசிங்கைக் கழுவினோம். போல்ட் காதுகளைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி. முகங்கள் இரண்டும் ஒன்றோடொன்று அரைபட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தக் காதுகளில் மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவினோம். சற்று நேரத்தில் கீழ்க் காதுகள் இரண்டிலும் ஈரக் கோடு எழுந்தது. வெடிப்பு.

அடுத்துப் பழைய ஹவுசிங்கை மட்டும் தனியாக அடாப்டரோடு எஞ்சினில் பூட்டினோம். கியர்பொக்ஸிலிருந்து அதைப் பிரிக்க முடிவது இந்தப் பழைய வண்டியின் நல்ல குணம். பிளைவீலில் காந்தக் காலை நிறுத்தி, டயல் கேஜின் ஊசியை ஹவுசிங்கின் நடுத் துளையில் தொட வைத்து, குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினோம். முழுச் சுற்றில் ஊசி காட்டும் மொத்த ஆட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 0.13 மில்லிமீற்றருக்குள், இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. அதில் பாதிதான் மையத்தின் உண்மையான விலகல். இங்கே ஊசி அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிப் போய் வந்தது. போடியார் ஒன்றும் பேசவில்லை. தேநீர் கேட்டார்.

காரணம் மிகச் சிறியது. எஞ்சின் மாற்றிய கராஜ், இரண்டு பாகங்களை ஒரே இடத்தில் நிறுத்தும் டவல் பின் என்ற ஆணியைப் போடவில்லை. எந்தக் கராஜ் என்று நீ கேட்காதே. போல்ட் துளை எப்போதும் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியது. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் இடம் காட்டாது. இடம் காட்டுவது டவல் பின்தான். அது இல்லாமல் எஞ்சினும் கியர்பொக்ஸும் கண்மட்டத்தில் சந்தித்தன. போதாக்குறைக்கு எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் கல்லாகிப் போயிருந்தன. வயல் வரம்பில் ஏறும்போது ஒரு சில்லு மேலே, ஒரு சில்லு கீழே, செசி முறுகும். அந்த முறுக்கை இறப்பர் வாங்காவிட்டால் ஹவுசிங்தான் வாங்க வேண்டும்.

வெடிப்பை ஒட்டித் தருவதாக ஒரு வெல்டிங்காரர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஒயில் ஊறிய பழைய அலுமினியத்தில் வெல்டிங் நுரைத்துப் பிடிக்கும், சூட்டில் முகமும் கோணும். மையம் பிசகியதால் வந்த நோய்க்கு இன்னும் பிசக வைப்பது மருந்தா? கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய ஹவுசிங் ஒன்றை எடுப்பித்தோம். போல்ட்டுகளை அரைகுறையாக இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஊசியை வரம்புக்குள் கொண்டுவந்தோம். முகத்திலும் ஊசி வைத்துச் சரிவு இல்லை என்று பார்த்தோம். அதன் பிறகே முழுவதும் இறுக்கி, இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு, ரீமர் ஓட்டி டவல் பின் அடித்தோம். பித்தளைப் புஷ் ஒன்றை லேத்தில் கடைந்தோம். புது சீல், புது இறப்பர்கள். கடைசியில் போடியார் கொண்டுவந்த பிளேட்டையே போட்டேன். அந்தப் பிளேட்டில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே உன் வேலையை யாரிடம் கொடுத்தாலும், குதிரைவலுவைப் பற்றிப் பேச்சை வளர்க்காதே. டவல் பின் எங்கே அடிப்பாய், எதை வைத்து மையம் பார்ப்பாய் என்று கேள். டயல் கேஜ் இல்லை, கண்ணே போதும் என்கிறவரிடம் முற்பணம் கொடுக்காதே. உன் கியர்பொக்ஸ் ஷாஃப்டின் மூக்கை மைக்ரோமீற்றரால் அளந்து எனக்கு எழுது; புஷ்ஷை இங்கேயே கடைந்து வைக்கிறேன். சித்திரைக்கு வரும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஜீப்பில் வராதே, பஸ்ஸில் வா.

இப்படிக்கு,
உன் பக்கத்து வாங்குக்காரன்