செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: புதுச்சேரி வெயிலில் சவர்டோ பிரெட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சவர்டோ, அதாவது கடை ஈஸ்ட் இல்லாமல் இயற்கையாகப் புளித்த மாவில் சுடும் பிரெட்டுக்கான மாதாந்திரப் பயிற்சி வகுப்புகளும் மாவு மொத்தக் கொள்முதலும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். எனவே, வகுப்புகளில் தெளிவான விஷயங்களைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

உறுப்பினர்களிடமிருந்து அதிகம் வந்த கேள்வி இது: செய்முறையில் சொன்ன நேரத்தை அப்படியே கடைப்பிடித்தும் பிசைந்த மாவு ஏன் தளர்ந்து தட்டையாகப் பரவுகிறது? காரணம் மாவின் சூடு. வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் மாவு 24 முதல் 26 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் நேரம் சொல்கின்றன. நம் சமையலறை மேடையில் அது 32 டிகிரியைத் தொடுகிறது. கோடையில் இட்லி மாவு எவ்வளவு சீக்கிரம் பொங்குகிறதோ, இதுவும் அப்படித்தான். ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

தண்ணீரின் சூட்டை முடிவு செய்யும் கணக்கை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவு 26 டிகிரியில் பிசைந்து முடிய வேண்டும் என்றால், 26-ஐ 4-ஆல் பெருக்கினால் 104. அதிலிருந்து அறை 32, உலர்ந்த மாவு 31, ஸ்டார்ட்டர் (புளிக்க வைப்பதற்காகச் சேர்க்கும், ஏற்கெனவே புளித்த மாவு) 30 ஆகிய மூன்றையும் கழித்தால் மிச்சம் 11. தண்ணீர் 11 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் தண்ணீரே போதும். மிக்சரில் பிசைந்தால் உராய்வால் சூடு ஏறும் என்பதால் மேலும் 10 அளவுக்குக் கழிக்க வேண்டும். அப்போது ஐஸ் கட்டியையும் தண்ணீரோடு சேர்த்தே எடை போடுங்கள்.

வகுப்பில் நாம் நிலைப்படுத்திய அளவு: மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 330 கிராம், ஸ்டார்ட்டர் 75 கிராம், உப்பு 10 கிராம். ஏப்ரல், மே மாதங்களில் ஸ்டார்ட்டரை 50 கிராமாகக் குறைக்கலாம். மாவின் எடையில் 75, 80 சதவீதத் தண்ணீர் என்று படங்களில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நம் கடை மைதாவில் புரதம் பெரும்பாலும் 10, 11 சதவீதம்தான். அவ்வளவு தண்ணீரை அது தாங்காது. பாக்கெட்டின் பின்புறச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்து வாங்குங்கள். சக்கியில் அரைத்த கோதுமை மாவு தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் கல்லில் நசுங்கிய மாவுச்சத்து வேகமாகச் சர்க்கரையாவதால் புளிப்பும் துரிதமாகும். அதைப் பாதிக்கு மேல் சேர்த்தால் உள்பகுதி பிசுபிசுக்க வாய்ப்பு அதிகம்.

பிசைந்த மாவிலிருந்து ஒரு சிறு உருண்டையை எடுத்து, நேரான சுவர் உள்ள சிறிய பாட்டிலில் அழுத்தி, மட்டத்தில் கோடு போட்டு, பெரிய மாவின் பக்கத்திலேயே வையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கொரு முறை மாவை இழுத்து மடிக்க வேண்டும். பாட்டில் மாவு முதலில் இருந்ததைவிடப் பாதியளவு கூடுதலாக உயர்ந்ததும் உருட்டி ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள். இரட்டிப்பாகும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. சூடான மாவு ஃபிரிட்ஜுக்குள் போன பிறகும் ஆறுவதற்கு வெகு நேரம் பிடிக்கும், அதுவரை புளித்துக்கொண்டேதான் இருக்கும். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே, குளிர் அதிகமான தட்டில் 8 முதல் 14 மணி நேரம் வைக்கலாம்.

வெட்டிப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கலாம். ஆங்காங்கே பெரிய குகைகள், நடுவில் அடர்ந்த களி, பக்கவாட்டில் வெடிப்பு: புளிப்பு போதவில்லை. தட்டையான வடிவம், சுடுமுன் மேலே கத்தியால் போட்ட கீறல் விரியாமை, எவ்வளவு சுட்டாலும் வெளிறிய மேலோடு: அதிகம் புளித்துவிட்டது, சிவக்க வேண்டிய சர்க்கரை தீர்ந்துபோனது. இரண்டும் இல்லாமல் ஈரமாக ஒட்டினால், சூட்டோடு அறுத்திருப்பீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஆற வேண்டும்.

நன்றாகப் புளித்த பிரெட்டும் சிவக்கவில்லை என்றால் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின் மாவு, தேவைப்படலாம். பிரான்ஸின் 1993ஆம் ஆண்டு அரசாணை, மரபுவழி பிரெட்டில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவற்றோடு 0.3 சதவீதம் வரை கோதுமை மால்ட் மாவை அனுமதிக்கிறது. நாமோ கோதுமையை முளைகட்டி, நிழலில் காயவைத்து, அரைத்துக்கொள்ளலாம். 500 கிராம் மாவுக்கு 1.5 கிராம், கூடினால் களியாகிவிடும்.

ஓவன் பற்றி இரண்டே வார்த்தை. குமிழ் 250 காட்டினாலும் உள்ளே 210 இருப்பது சகஜம் என்பதால், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் அவசியம். இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் சூடேற்றி, பிரெட்டை அதில் இறக்கி, கனமான எவர்சில்வர் பாத்திரத்தால் மூடி 20 நிமிடம், திறந்து 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். மூடியின் உள்ளே தங்கும் ஆவிதான் மேலோடு சீக்கிரம் இறுகாமல் காத்து, கீறலை விரிய வைக்கிறது. உள்சூடு 96 டிகிரியைத் தாண்ட வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் ஓவனை இணைக்க வேண்டும்.

மழைக்காலம் பற்றிய எச்சரிக்கை. கடற்காற்றில் மேலோடு மாலைக்குள் நமுத்துப்போகும். 180 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் மீளும். ஆனால் பழுத்த பழ வாசனை வந்து, பிய்த்தால் உள்ளே நூல் விட்டால் அது பேசில்லஸ் கிருமியின் வேலை. அதன் வித்துக்கள் சுடும் சூட்டிலும் சாகாது. பிரெட்டை முழுவதும் எறிந்துவிட்டு, பாத்திரங்களையும் மேடையையும் வினிகர் கொண்டு துடையுங்கள். ஈஸ்ட் மட்டும் போட்ட பிரெட்டில்தான் இது அதிகம்; சவர்டோவின் அமிலம் இதை அடக்கிவைக்கும். ஸ்டார்ட்டரில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடு தென்பட்டாலும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் மட்டும் பயமில்லை, அதற்குப் பசி. 1 பங்கு ஸ்டார்ட்டருக்கு 5 பங்கு மாவு, 5 பங்கு தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடும்.

வகுப்புகளுக்கு வீட்டு அடுக்களையையே திறந்துவிட்ட உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: உறுப்பினர்கள் இரவல் பெற ஓவன் தெர்மாமீட்டர்கள் வாங்குவது, 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசை வகுப்புக்குக் கட்டாயமாக்குவது, அக்டோபருக்கு முன் மழைக்காலப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை நடத்துவது, சந்தாவை உயர்த்தாமல் வைத்திருப்பது. இவற்றையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்