தலையணையிலிருந்து பார்த்த தம்பிக்கு

அன்பானவர்களுக்கு,

அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு பதினொரு நாள். வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது, போனும் அடங்கிவிட்டது. இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்று தோன்றியதால் உட்கார்ந்துவிட்டேன். இந்த நாலு மாதம் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. முறை வைத்துக்கொண்டு ராத்திரி வந்து உட்கார்ந்தவர்கள், படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்த செவிலியர், மருந்துக்கு ஓடியவர்கள், சமைத்து அனுப்பிவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள் (எல்லாம் கழுவி முன்னறையில் அடுக்கியிருக்கிறேன், யாருடையது எது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்), அம்மா களைத்துப்போனதைப் பார்த்து ஜெபத்தை இரண்டே வரியில் முடித்த போதகர், அடக்கத்தன்று வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே நின்ற அந்தப் பெரியவர். பெயர் பெயராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். விட்டுப்போனதற்கு அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டுவார்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்ற வருவாரே, அந்தத் தம்பி. பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க்கா, வேலை நேரத்துல படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தியான்னு ஓனர் கேப்பார்" என்றார். சரி, தம்பி என்றே இருக்கட்டும்.

அவர் செய்தது என்ன என்று புரிய வேண்டுமானால் முதலில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. தெரியக்கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேன்.

அம்மா பயந்தார்.

அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லோரும் அம்மாவின் விசுவாசத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அத்தனையும் உண்மை. முப்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவர். எத்தனையோ சாவு வீடுகளில் அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தவர். அதே அம்மா ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும், என்னை எழுப்பி, "நிஜமாவே இருக்காடி?" என்று கேட்டார். எது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த வேதப் பகுதிகளை எல்லாம் ஒப்பித்தேன். ரோமர் 8, 1 கொரிந்தியர் 15, வெளிப்படுத்தல் 21 என்று வரிசையாக, பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்ட பிள்ளை மாதிரி. நடுவில் நிறுத்தினால் அம்மா இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் நான்தானேடி உனக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

அதற்கப்புறம் பல நாள் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்று வந்தவர்களிடம் சொன்னேன். நான் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று.

தம்பியின் வேலை பத்து நிமிஷ வேலை. காலி சிலிண்டரைக் கழற்றி, புதியதில் ரெகுலேட்டரைத் திருகி, தண்ணீர் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார், கிளம்பிவிடுவார். அன்றைக்கு அதெல்லாம் முடிந்த பிறகும் கட்டில் பக்கத்திலேயே நின்றார்.

"என்னம்மா, மேலேயே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"வேற எங்கப்பா பாக்கிறது?" என்றார் அம்மா.

அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். அப்புறம் கட்டிலை ஒட்டி வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டே, "ஒரு விரிசலும் ஒரு பல்லியும்தான்க்கா தெரியுது" என்றார்.

அவர் போன பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். வசனப் பலகைகள் ஐந்து. ஐந்தும் நிற்கிறவர்கள் படிப்பதற்கு வாகாக மாட்டியவை. அதில் இரண்டு அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால். படுத்த படுக்கையானதிலிருந்து அம்மா அவற்றில் ஒன்றைக்கூடப் படித்திருக்க முடியாது. பார்க்க வந்த நாம்தான் படித்தோம், நாம்தான் ஆறுதலடைந்தோம்.

அடுத்த முறை வரும்போது சிலிண்டரோடு ஒரு வெள்ளை சார்ட் பேப்பர், தடித்த கறுப்பு மார்க்கர், ஒரு டேப். "என்னம்மா எழுதணும்?" என்றார். சங்கீதம் 23 என்று நான் முந்திக்கொண்டேன். அம்மா கையை ஆட்டி என்னை அடக்கிவிட்டு, மூச்சு வாங்கி வாங்கி, சொல் சொல்லாகச் சொன்னார். அவர் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "அப்படியில்லாதிருந்தால், நான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்."

வேதம் வாசிக்கிறவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். யோவான் 14:2. "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்பது அதற்கு முன்னால் வருவது. கல்லறைக் கல்லில் பொறிப்பதும், அடக்க ஆராதனையில் வாசிப்பதும் அதைத்தான். "ஒரு ஸ்தலத்தை உங்களுக்காக ஆயத்தம்பண்ணப்போகிறேன்" என்பது பின்னால் வருவது. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதை நான் எத்தனை தரம் தாண்டிப் போயிருக்கிறேனோ தெரியாது. அம்மா முன்னதையும் விட்டார், பின்னதையும் விட்டார்.

தம்பிக்கு எதுவும் தெரியாது. எழுதி முடித்துவிட்டு, "எப்படி இல்லாட்டிம்மா? யாரு யாருகிட்ட சொன்னது இது?" என்று கேட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தார். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நான் தடுக்கவில்லை. அது இயேசுவைப் பிடித்துக்கொண்டு போகிற ராத்திரி. சீஷர்களோடு பந்தியில் இருக்கிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் எழுந்து வெளியே போய்விட்டான். உமக்காக உயிரையும் கொடுப்பேன் என்ற பேதுருவிடம், சேவல் கூவுவதற்குள் என்னைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்வாய் என்று சொல்லியாயிற்று. மற்றவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது அவர்களிடம் சொன்னது. இவ்வளவையும் சொல்ல அம்மாவுக்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் கட்டிலில் இருந்தது எங்கள் பழைய ஓய்வுநாள் பள்ளி டீச்சர்தான். இடையில் ஒரு முறை, "கவனிக்கிறியா?" என்றுகூடக் கேட்டார்.

தம்பி காலி சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடி யோசித்தார். "அப்ப, மறுநாள் சாகப்போறோம்னு அவருக்குத் தெரியும்?"

"தெரியும்."

"நாளைக்குச் சாகப்போற ஆள், பயந்துபோய் உக்காந்திருக்கிற கூட்டாளிங்ககிட்ட எதுக்கும்மா பொய் சொல்லப் போறார்? இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பார்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அதாம்பா. அதைத்தான் எழுதச் சொன்னேன்."

பிறகு அவர் ஸ்டூல் மேல் ஏறி, ஃபேன் காற்று அதிகம் படாத இடமாகப் பார்த்து, அம்மாவின் கண்ணுக்கு நேரே அதை ஒட்டினார். கீழே இறங்கின பிறகுதான் கவனித்தோம். 'திருந்தால்' என்பதற்குப் பதில் 'திறுந்தால்'. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர் அம்மா. ஆயுசு முழுக்கச் சிவப்பு மையில் ரகர றகரம் திருத்தின கை அது. விரலை நீட்டி மேலே காட்டினார், சிரிக்க ஆரம்பித்தார், மூக்குக் குழாய் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். வாரக்கணக்காக நாங்கள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. தம்பி வெட்கப்பட்டு மார்க்கரை எடுத்தார். "விடுப்பா, இருக்கட்டும்" என்றுவிட்டார் அம்மா.

அதோடு பயம் பறந்துபோய்விட்டது என்று எழுத ஆசைதான். பொய்யாகிவிடும். அப்புறமும் இரண்டு மூன்று தடவை "பயமா இருக்குடி" என்றார். ஆனால் சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். நானும் வாயை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து மேலே பார்க்கப் பழகியிருந்தேன். அதுவரை நித்தியஜீவனைப் பற்றிய நிச்சயம் என்றால் நெஞ்சுக்குள் ஏதோ திடமாக இருக்கும், அம்மாவிடம் அது தீர்ந்துபோய்விட்டது, எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா தன் நெஞ்சைத் தடவிப் பார்க்கிற வேலையையே விட்டுவிட்டார். சொன்னவர் பொய் சொல்கிறவர் இல்லை, அவ்வளவுதான், அதில் படுத்துக்கொண்டார். கடைசி ராத்திரியும் கண் திறந்திருந்த வரைக்கும் பார்வை அங்கேதான் இருந்தது. படித்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து வந்த மூன்றாம் நாள் அவருடைய வேதாகமத்தைத் திறந்தேன். யோவான் சுவிசேஷத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், நாலு இடத்தில். 11:33இல் இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு ஆவியிலே கலங்குகிறார். 12:27இல் "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது" என்கிறார். 13:21இல் பந்தியில் மறுபடி ஆவியிலே கலங்குகிறார். அடுத்தது 14:1, "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக." தமிழ் டீச்சர் கண்ணுக்கு அந்தக் 'கலங்கு' தப்பவில்லை. அதே ராத்திரி, அதே பந்தியில் கலங்கினவர்தான் மற்றவர்களைக் கலங்காதிருக்கச் சொல்கிறார். 14:1க்குப் பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில் "பேதுருவுக்கும்" என்று வேறு எழுதியிருந்தது. முதலில் புரியவில்லை. வேதத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில் வந்த ஏற்பாடு. யோவான் எழுதியபோது 13க்கும் 14க்கும் நடுவில் இடைவெளி கிடையாது. என்னை மூன்று தரம் மறுதலிப்பாய் என்ற வார்த்தைக்கு அடுத்த வார்த்தையே கலங்காதே என்பதுதான். எந்த வருஷம் எழுதினாரோ, பென்சில் மங்கிப்போயிருக்கிறது. அந்த ராத்திரி கேள்வி அம்மாவுக்குப் புதிது இல்லை போலிருக்கிறது. எனக்குத்தான் புதிது.

அழ வேண்டாம், அவர் ஆண்டவரிடம் போயிருக்கிறார் என்று என்னிடம் சொன்னவர்களுக்கும் நன்றி. அன்பினால்தான் சொன்னீர்கள். ஆனால் கொஞ்சம் அழவிடுங்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். குழிக்குள் இறக்கும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்று வாராவாரம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிற வாய் எனக்கு உலர்ந்துபோயிற்று. என் அம்மாவின் இந்தக் கை, சிவப்பு மைக் கை, இதுவா? இதுதான் என்று சொல்கிறோம். ஆரம்பகால கிறிஸ்தவர்கள் இடுகாட்டை 'உறங்குமிடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அழைத்தார்கள். உறங்குமிடம் என்றால் எழுப்புகிறவர் ஒருவர் வர வேண்டும். அவரும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார், அம்மா எழுதச் சொன்னதற்கு அடுத்த வசனத்திலேயே. ஒன்றும் பேசாமல் என் தோளில் கையை வைத்துக்கொண்டு கூடவே அழுதாரே ஒரு சகோதரி, அவருக்கு இந்தப் பத்தி.

இனிமேல் நோயாளியைப் பார்க்கப் போனால், வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் படுப்பேன், என் முழங்கால் ஒத்துழைத்தால்.

நேற்று தம்பி வந்தார், கடைசி சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எடுத்துப் போக. கட்டிலை மடித்து வைத்தாயிற்று, அறை காலியாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் முதலில் மேலேதான் பார்த்தார். ஒரு மூலையில் டேப் விட்டுப்போய் பேப்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டூல் இருக்காக்கா?"

கொண்டுவந்து போட்டேன். ஏறி நின்று மூலையை அழுத்தி ஒட்டினார். பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டு கீழே என்னைப் பார்த்தார்.

"அந்த 'று'வை மாத்திடவாக்கா?"

வேண்டாம் என்றேன்.