மொட்டை மாடியில் காத்தாடி வைக்கலாமா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் நாகர்கோவில் கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "முப்பந்தல்ல அத்தனை காத்தாடி ஓடுதே, எங்க வீட்டு மாடியில ஒண்ணு வச்சுத் தாங்களேன்." ஆரல்வாய்மொழிப் பக்கம் பெரிய காற்றாலைகள் வரிசையாக நிற்கும் ஊர் முப்பந்தல். காற்றில் சுற்றி மின்சாரம் தரும் காற்றாலையைத்தான் இங்கே காத்தாடி என்கிறோம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வருகிறவர்களும் கேட்கிறார்கள், சோலார் விலை விசாரிக்க வருகிறவர்களும் கேட்கிறார்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இந்த மடல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இனிமேல் இடத்தில் காற்றை அளந்து பார்க்காமல் யாருக்கும் சிறு காற்றாலை விற்பதில்லை. முன்பணம் தந்தவர்கள் விரும்பினால் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் நாங்களே செய்த ஒரு தவறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு நடுவில் ஒரு மாடி வீட்டில் 1 கிலோவாட் காத்தாடி ஒன்றை அளக்காமலே நிறுத்தினோம். சுற்றிலும் தென்னை. ஆனி மாதம் இறக்கை சுற்றியபோது எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் நாளுக்கு அரை யூனிட் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் அந்த வீட்டு அம்மா எங்களைக் கூப்பிட்டு, மாடிக்குக் கீழே உள்ள அறையில் கட்டில் சட்டத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். கட்டில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கம்பத்தின் அதிர்வு சுவர் வழியாக வீடு முழுக்க இறங்கியிருந்தது. மறு வாரமே கழற்றிவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

முப்பந்தலில் ஓடுகிற காத்தாடி அந்த வீட்டில் ஏன் ஓடவில்லை? மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலை நெடுகத் தடுக்கப்பட்டு, இந்த இடைவெளி கிடைத்ததும் அதற்குள் நெருக்கியடித்துப் புகுகிறது. தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுமே, அதுபோலத்தான். அந்தப் பக்கத்தில் நிற்கும் மரங்களைப் பாருங்கள், கிளைகள் ஒரே திசையில் சாய்ந்து வளர்ந்திருக்கும். போதாததற்கு, இப்போது வருகிற பெரிய காற்றாலைகளின் கம்பம் 100 மீட்டர் உயரத்தையும் தாண்டுகிறது. உங்கள் மாடி 10 மீட்டர் இருந்தால் அதிகம்.

காற்றின் கணக்கு மற்ற கணக்குகளைப் போல இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். பெட்டியின் மேல் "1 கிலோவாட்" என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது விநாடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது கிடைப்பது. அதில் பாதி வேகம் வந்தால் சுமார் 125 வாட்தான். ஒரு பழைய சீலிங் ஃபேனும் இரண்டு மூன்று பல்புகளும் எரியும், அவ்வளவுதான். விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே போனால் இறக்கை சுற்றினாலும் பேட்டரியில் ஒன்றும் ஏறாது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நாங்களும் அன்று சொல்லவில்லை.

மார்த்தாண்டம், குழித்துறை, குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் பதில் இப்போதே "வேண்டாம்" என்பதுதான். ரப்பரும் தென்னையும் நிற்கிற இடத்தில் காற்று உடைந்து, சுழன்று, பலமிழந்துதான் வரும். 500 அடி தூரத்துக்குள் உள்ள மரத்தையும் கட்டடத்தையும் விட இறக்கை 30 அடி கூடுதல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான விதி. தென்னைக்கு மேலே 30 அடி என்றால் கம்பத்துக்கும் அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிக்குமே காத்தாடியின் விலை வந்துவிடும். கடற்கரை ஊர்களில் காற்று நன்றாகவே இருக்கிறது, ஆனால் உப்பு போல்ட்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். பராமரிப்புச் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

பணக் கணக்கு இதுதான். கம்பம், கண்ட்ரோலர், பேட்டரி சேர்த்து 1 கிலோவாட் காத்தாடி எங்கள் கடையில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அதே 1 கிலோவாட் சோலார் நம் வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும், விலையும் குறைவு. மின்வாரிய இணைப்போடு வீட்டில் போட்டால் மத்திய அரசின் 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியமும் உண்டு. வீட்டுக் காத்தாடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

அப்படியென்றால் யாருக்கும் வேண்டாமா? ஆரல்வாய்மொழி, தோவாளை, செண்பகராமன்புதூர் பக்கம் வெட்டவெளியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம் பயன் உண்டு. ஆனி ஆடியில் மேகமும் சாரலுமாக சோலார் சோர்ந்துபோகும் நாட்களில்தான் காற்று உச்சத்தில் இருக்கும், இரவிலும் வீசும். இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அதனாலேயே சொந்தமாகக் கரண்ட் வேண்டும் என்ற ஆசை நமக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் புயல் வீசும்போது காத்தாடியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அது அடங்கிய பிறகுதான் உதவும்.

பெரிய காற்றாலைகள் பற்றியும் சிலர் கேட்டீர்கள். 1 மெகாவாட்டுக்கு 6 முதல் 8 கோடி வரை ஆகிற முதலீடு அது. எரிபொருள் செலவு இல்லை, புகை இல்லை, அனல்மின் நிலையத்தைப்போலத் தண்ணீரும் குடிப்பதில்லை. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் உற்பத்தியில் பெரும்பகுதி வைகாசி முதல் புரட்டாசி வரையில்தான். மற்ற மாதங்களுக்கு வேறு மின்சாரம் தேவை. ஆயுள் முடிந்த கண்ணாடியிழை இறக்கைகளை என்ன செய்வது என்பதும், பறவைகளும் வௌவால்களும் அடிபடுவதும், பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும் இரைச்சலும் உண்மையான குறைகள். இத்தனைக்குப் பிறகும் நம் மாவட்டத்துக்கு அது நல்லது என்றே நாங்கள் நம்புகிறோம். ஊருக்கு நல்லதாக இருப்பது மாடிக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழி, தோவாளை என்று கிழக்குப் பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர்கள் வைகாசிக்குள் கடைக்கு வந்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். காற்றின் வேகத்தை அளக்கும், மூன்று கிண்ணம் வைத்த காற்றுமானியை ஜிஐ பைப்பில் ஏற்றி உங்கள் தோட்டத்தில் நிறுத்தித் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். அதனால் காற்று ஓய்ந்த ஐப்பசி வரையிலும் கருவி அங்கேயே நிற்கும். சராசரி விநாடிக்கு 5 மீட்டர் தாண்டினால் பேசுவோம். தாண்டாவிட்டால் அளந்த தாளை உங்கள் கையில் தந்துவிட்டுக் கருவியை இறக்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையார்
நாகர்கோவில்