நீ கேட்டதற்குப் பதில், ஆறு வாரம் தாமதமாக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. நடுவில் நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், நலம் விசாரித்த கையோடு எழுந்து போய்விட்டேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஓய்வு பெற்ற மனுஷன் பகலில் இவ்வளவு தூங்க முடியும் என்பது எனக்கே புதுச் செய்தி. என் கதை இது போதும். நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் மகனும் மருமகளும் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறார்கள், உங்கள் வீட்டில் அனுபவம் உண்டே, என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். சந்தோஷமான செய்தி, நிஜமாகவே. ஆனால் அதே கடிதத்தில், எங்கள் வீட்டில் தத்தெடுத்த என் தங்கையைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக இன்னொரு வரியும் போட்டிருந்தாய்: "அப்பா அம்மா அவளுக்கு என்ன குறை வைத்தார்கள், ஐம்பது வயதில் பெற்றவளைத் தேடிப் போக?" இந்த வரிதான் என்னை எழுதவிடாமல் எழுப்பி அனுப்பியது. உன்மேல் கோபம் இல்லை. தங்கை தேட ஆரம்பித்தபோது இதே கேள்வியை, இதைவிடக் கசப்பாக, நானே எனக்குள் கேட்டுக்கொண்டவன்தான். வாய்விட்டுக் கேட்காமல் இருந்தது மட்டும்தான் நான் செய்த புத்திசாலித்தனம்.

"சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள்" என்று எங்கள் வீட்டைப் பற்றி எல்லாரும் சொல்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பாராட்டாகத்தான் சொன்னீர்கள். போன வருஷம் ஒரு ராத்திரி அவள் சொன்னாள், "அந்த வாக்கியத்துல எல்லா வார்த்தையும் நல்லாத்தான் இருக்கு, ‘மாதிரி’ மட்டும்தான் குத்தும்." எனக்குச் சுருக்கென்றது. "எடுத்து வளர்த்த பிள்ளை" என்பதும் அப்படித்தானே. எடுப்பது என்றால் எங்கோ கிடந்ததைத்தான் எடுப்பார்கள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் ஐந்து மாதக் குழந்தையாக வந்தபோது எனக்கு ஏழு வயது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு மூன்று கர்ப்பம் தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, நானே பெரியவனான பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். குழந்தை வந்த அன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பாகிட்ட இதெல்லாம் சொல்லக்கூடாது, பெரிசானதும் நாங்களே சொல்லிக்கறோம்" என்றார். ஏழு வயதுப் பையனிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்து வைத்துக்கொள் என்றால் அவன் எங்கே வைத்துக்கொள்வான்? ஆறு வருஷம் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் ஏதோ ஒரு பொம்மைக்கோ புத்தகத்துக்கோ சண்டை வந்து, "நீ ஒண்ணும் எங்க வீட்டுப் பொண்ணு இல்ல" என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஆறு வயது.

அம்மா பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் சத்தம் நின்றது. நான் அடி விழப்போகிறது என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான். அம்மா எழுந்து வரவில்லை, அன்று ராத்திரி எதுவும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. தங்கைக்குப் பதினேழு வயதில் ஏதோ விண்ணப்பத்துக்காகப் பத்திரங்களைப் புரட்டப் போக, அப்போதுதான் அப்பா உட்கார்த்தி வைத்துச் சொன்னார். அவள், "தெரியும்ப்பா" என்று மட்டும் சொன்னாளாம்.

நாற்பத்தைந்து வருஷமாக அந்த வாக்கியத்தை நான் சுமந்துகொண்டிருந்தேன். போன மாதம்தான் மன்னிப்புக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "நீ சொன்னது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. மிஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சதுதான் ஞாபகம்" என்றாள். பெரியவர்கள் பேச மறுப்பதிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்ளும் பாடம், இது கேட்கக்கூடாத விஷயம் என்பதுதான். அவளும் கேட்கவில்லை. அப்பா போய், நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் போன பிறகுதான் எச்சிலை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அதனால் அவளிடம் "ஏன் இந்த வயதில்" என்று கேட்டால் பதில் சுலபம்: அதற்கு முன்னால் தேடினால் அம்மா நொறுங்கிவிடுவாள் என்று பயந்தாள். குறை வைக்காத அம்மாவுக்காகத்தான் ஐம்பது வயதுவரை காத்திருந்தாள்.

சரி, அன்பு இருந்ததே, பிறகு எதற்குத் தேட வேண்டும் என்பாய். டாக்டர் அறையில் கொடுக்கும் ஒரு காகிதத்தை நினைத்துப் பார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் உண்டா? நீயும் நானும் யோசிக்காமல் டிக் போட்டுவிட்டுப் போகிறோம். அவள் முப்பது வருஷமாக அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறாள், இரண்டு பிரசவத்திலும். மகளை ஸ்கூலில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னபோது, எந்தப் பாட்டி பெயரை எழுதணும் என்று அந்தக் குழந்தை கேட்டிருக்கிறது. தத்துக் கொடுத்த பத்திரத்தில் கையெழுத்தே போடாத ஒரு குழந்தை வரைக்கும் விஷயம் வந்துவிட்டது பார்.

இந்த நாலு வருஷத்தில் நான் கொஞ்சம் படித்தேன். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, தெளிவில்லாத இழப்பு என்று ஒன்றைச் சொன்னார். ஆள் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாதபோது துக்கத்தை முடிக்க முடியாது, உடல் இல்லாமல் எதை அடக்கம் செய்வது? தத்து விஷயத்தில் இது பெற்றவளுக்கும் பொருந்தும், பிள்ளைக்கும் பொருந்தும். 1982-இல் சில்வர்ஸ்டீன், கப்லான் என்ற இரண்டு பெண்கள், இந்தத் துறையில் வேலை செய்தவர்கள், ஏழு விஷயங்களை அடையாளம் காட்டினார்கள். இழப்பு, ஒதுக்கப்பட்ட உணர்வு, குற்ற உணர்வும் வெட்கமும், துக்கம், நான் யார் என்ற கேள்வி, நெருங்கிப் பழகுவதில் சிக்கல், வாழ்க்கை என் கையில் இல்லை என்ற எண்ணம். இவை பிள்ளைக்கு மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, பெற்றவர், வளர்த்தவர், பிள்ளை மூன்று பக்கத்துக்கும் உண்டு என்றார்கள். படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, அந்த முக்கோணத்தில் அண்ணனுக்கு ஒரு மூலை இல்லையே என்று.

பெற்ற அம்மா கிடைத்தார். எட்டு மாதம் கழித்து ஒரு தூரத்து உறவின் மரபணு பொருந்தி, அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்து. எழுபது வயது, கணவர் இல்லை, இரண்டு மகன்கள். தங்கையைப் பெற்றபோது அவருக்குப் பத்தொன்பது. திருமணமானபோதும் கணவரிடம் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை. முதல் சந்திப்பு முடிந்து வந்து தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "ரொம்பக் குள்ளமா இருக்காங்க. நான் உயரமா நெனச்சிருந்தேன்." ஐம்பது வருஷக் கற்பனையில் ஆள் உயரமாக வளர்ந்துவிட்டிருந்தார்.

இரண்டாவது சந்திப்பில் வந்தது இது. தங்கை பிறந்தநாள் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், நினைவிருக்கிறதா? நாம் எத்தனை கேலி செய்திருக்கிறோம், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனவள் என்று. அந்தப் பெண்மணி சொன்னாராம், ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன், என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சத்தம் போடாதீங்கடா, அம்மாவுக்கு முடியல என்பார் என்று. இரண்டு வீட்டில், ஒரே நாளில், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல்.

அவர் விரும்பிக் கொடுத்தாரா என்று தங்கை கேட்டிருக்கிறாள். "என்கிட்ட யாரும் கேக்கல" என்றாராம். இது அவர் ஒருவரின் கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் திருமணமாகாத தாய்மார்களிடமிருந்து கட்டாயப்படுத்திக் குழந்தைகளை வாங்கித் தத்துக் கொடுத்ததற்காக 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அப்போது அந்தத் தாய்மார்களில் பலர் கிழவிகள். "மறந்துவிடு, புது வாழ்க்கை தொடங்கு" என்று அந்தக் காலத்தில் சொல்லி அனுப்பியவர்களுக்கு மறதி அவ்வளவு சுலபமாகப் பட்டிருக்கிறது. அப்பாக்காரனைப் பற்றி எதுவும் எழுதவில்லையே என்று கேட்பாய். அவரைப் பற்றித் தங்கை ஒரே தடவை கேட்டாள். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், பேச்சை மாற்றினார், இவளும் விட்டுவிட்டாள். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் அந்த ஆள் காற்றாகத்தான் இருக்கிறார்.

இதெல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி கட்டிப்பிடித்து அழுது முடிந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு போன், நாலு நிமிஷம், உடம்பு எப்படி, மழை உண்டா. பெரிய மகன் முதல் வாரத்திலேயே அக்கா என்று கூப்பிட்டுவிட்டான், சின்னவன் தங்கையின் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அவனையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு நாள் காலையில் எழுந்தால் தன் அம்மாவின் வாழ்க்கை வேறாகிவிட்டிருக்கிறது, அவன் என்ன செய்வான்.

என்னைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒருநாள் போனில் அவள் "தம்பி சொன்னான்" என்றாள். எந்தத் தம்பி என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஐம்பத்தெட்டு வயதில், நண்பா! அவளைத் தூக்கிச் சுமந்தது நான், காய்ச்சலில் முழித்தது நான், எங்கிருந்தோ ஒருவன் வந்து அக்கா என்கிறான் என்று. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் விளங்கியது. மூன்று குழந்தைகளை இழந்தவள், நாலாவதையும் யாராவது கேட்டு வந்துவிடுவார்களோ என்று அத்தனை வருஷமும் பயந்திருக்கிறாள். மிஷினை மறுபடி ஓட்டியது கல்மனதால் இல்லை. நின்றால் அழுதிருப்பாள்.

இப்போது உன் மகனுக்கு. குழந்தைக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல். குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, புரியாத வயதிலேயே சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ‘எனக்குச் சொன்ன நாள்’ என்று ஒன்று அந்தக் குழந்தையின் ஞாபகத்தில் இருக்கக்கூடாது. "நாங்க உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்று கதை சொல்லுவார்கள், கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் எட்டு வயதில் குழந்தை அதைத் திருப்பிப் போட்டு, அப்போ ஒருத்தர் வேண்டாம் என்றாரா என்று யோசிக்கும், அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும். காகிதம் ஒன்றுகூடத் தொலையக்கூடாது, துண்டுச் சீட்டானாலும் சரி. தன் பெற்றோரை முடிந்தவரை அறிய ஒரு குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-இலேயே ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்லிவிட்டது, அதற்கும் முன்னால் 1975-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டு, பதினெட்டு முடிந்தவர்கள் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்றார்கள். இன்று கோப்புகளைப் பூட்டி வைத்தாலும் எச்சில் திறந்துவிடும், ஆகவே மறைப்பதில் அர்த்தமே இல்லை.

உன் மருமகளிடம் தனியாக ஒன்று. தனக்குப் பிறக்காத குழந்தைக்காக அழ வேண்டுமானால் இப்போதே அழுது தீர்க்கட்டும், வரப்போகும் குழந்தை அந்த இடத்தை நிரப்ப வருவதில்லை. குழந்தை வந்து சேர்ந்த பிறகும் சில மாதம் மனம் இருண்டு போகலாம், பெற்றவர்களுக்கு வருவது போலவே. இத்தனை ஆசைப்பட்டு வாங்கிய குழந்தையை வைத்துக்கொண்டு அழுகிறேனே என்று வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். மறைக்க வேண்டாம், டாக்டரிடம் போகட்டும்.

அப்புறம் நீ. தாத்தா ஆகப்போகிறாய். "இந்த வீட்டுக்கு வந்தது உன் அதிர்ஷ்டம்டா" என்று எவனாவது அந்தக் குழந்தையிடம் சொன்னால் வாயை அடைப்பது உன் வேலை. தங்கைக்கு இதைச் சொல்லாத உறவினரே கிடையாது. நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய வீட்டில் குழந்தை எப்படிக் கோபப்படும், எப்படி ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும்? அவள் ஒருநாளும் அடம்பிடித்ததில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேதி முடிவானதும் எழுது. தங்கையிடம் உன் வீட்டுச் செய்தியைச் சொன்னேன். "சைக்கிள் கத்துக்குடுக்கறேன்னு சொல்லி முள்வேலியில விட்டாரே, அந்த அண்ணனா?" என்றாள். தழும்பு இன்னும் இருக்கிறதாம். உன் மருமகள் எப்போது வேண்டுமானாலும் தன்னிடம் பேசலாம் என்று சொல்லச் சொன்னாள், ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்றால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்