ஜன்னல் வைத்த இரும்புக் குழாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கொஞ்சம் தேவலை. பேர் தெரியாத பழைய கார்ச் சாமான்கள் கிடக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டு நீ அனுப்பிய படங்களை ராத்திரி பத்து மணி வரை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டறையில் வைத்துக்கொண்டே படி.

முதல் காரியம், அந்தப் பெட்டியில் இருக்கும் எதையும் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதே. உப்புத்தாளைத் தொடவே தொடாதே. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய பல்தேய்க்கிற பிரஷால் மெதுவாகத் தடவி எடு, போதும். பேர் தெரியாத சாமான் எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்த்தது என்பதை அதன் தேய்மானம்தான் சொல்லும். எங்கே பளபளப்பு, எங்கே கரி, எங்கே காய்ந்த எண்ணெய்க் கறை என்று பார்த்துக்கொண்டே போனால் வழி தெரியும். அவற்றை நாமே துடைத்துவிட்டால் அப்புறம் கேட்க அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

போல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். தலைக்கு வைட்வொர்த் ஸ்பேனர், அதாவது பழைய இங்கிலாந்து அளவு ஸ்பேனர், கச்சிதமாக உட்காருகிறது, மரை மட்டும் எந்த இங்கிலாந்து நட்டிலும் ஏறவில்லை, யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். யாரும் கெடுக்கவில்லை கண்ணு. மரைக்கு மரை இடைவெளி பார்க்கும் மெட்ரிக் மரை கேஜை வைத்துப் பார். 8 மில்லி தடிமன், மரைக்கு மரை 1 மில்லி என்று வந்தால் அது பெரும்பாலும் மோரிஸ் என்ற இங்கிலாந்துக் கார்ச் சாமான். முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி துப்பாக்கி செய்வதற்காக இங்கிலாந்தில் நீ படித்த கோவென்ட்ரி ஊருக்கு வந்து தொழிற்சாலை போட்டது. அங்கே இருந்த மெஷின்கள் பிரான்ஸ் கணக்கில் மரை வெட்டுபவை. போர் முடிந்ததும் அதே மெஷின்களில் மோரிஸ் வண்டிக்கு எஞ்சின் செய்தார்கள். 1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். இங்கிலாந்து மெக்கானிக்கின் கையில் இருப்பது வைட்வொர்த் ஸ்பேனர் என்பதால் தலையை அதற்குத் தகுந்தபடி வைத்து, மரையை மட்டும் மெட்ரிக்காகவே விட்டார்கள். அந்தத் தொழிற்சாலை இருந்தது கோஸ்ஃபோர்ட் தெருவில். நீ எம்.எஸ். படிக்கப் போய் வந்தாயே, வில்லியம் மோரிஸ் பெயர் வைத்த கட்டிடம், அதேதான். அந்த வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தாய், அம்மா இன்னும் அதை பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

பெட்டியில் இருக்கும் மேக்னெட்டோவை, அதாவது எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் சாமானை, வைத்து வண்டியின் பேரைத் தேடாதே. தகட்டில் பாஷ் என்று இருக்கிறது, டி.யு.4 என்று இருக்கிறது. 4 என்றால் நாலு சிலிண்டர், அவ்வளவுதான் அது சொல்வது. அந்தக் காலத்தில் பாஷ் மேக்னெட்டோ மாட்டாத கம்பெனி குறைவு. எஞ்சினிலும் அப்படித்தான். டி டியோன் பூட்டோன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தன் எஞ்சினை எத்தனையோ வண்டிக்காரர்களுக்கு விற்றது. சாமானைச் செய்தவர் வேறு, வண்டியைச் செய்தவர் வேறு.

இனி அந்தக் குழாய். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. நீ அதை உடைந்த சிலிண்டர் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்ளுறை, என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், நீ பிறப்பதற்கு முன்னால். புதுப்பேட்டையில் லேத் போட்டு இரண்டாவது வருஷம். ஒரு ஜமீன் வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தபோது வந்த சாமான் என்று ஒரு சாக்கை ஒருவர் கொண்டுவந்து போட்டார். உள்ளே எட்டுக் குழாய்கள். வார்ப்பிரும்பு, சுவர் மெல்லிசு, மேல்பக்கம் எதிரும் புதிருமாகக் குறுக்குவாட்டில் ஜன்னல் வெட்டியது போல ஓட்டை. நாலு கொஞ்சம் பெரிது, நாலு கொஞ்சம் சிறிது. சிறியதை எடுத்துப் பெரியதற்குள் விட்டுப் பார்த்தேன். காற்று உஸ்ஸென்று வெளியேற, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவ்வளவு நேர்த்தியாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிறதே, ஏன் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை விழுந்த லைனர் யாருக்கு வேண்டும் என்று, எட்டையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். சில வருஷம் கழித்து வேறொருவர் ஒரு பழைய டைம்லர் எஞ்சினைப் பிரிக்கக் கொண்டுவந்தார். தலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே குழாய்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஜமீன் வண்டி எங்கே நிற்கிறதோ, அந்த எட்டும் இல்லாமல் அது ஓடியிருக்கவே முடியாது.

அது நைட் எஞ்சினின் ஸ்லீவ். சார்லஸ் நைட் என்ற அமெரிக்கர் யோசனை. அந்தக் காலத்து வால்வுகள் ஸ்பிரிங்கில் அடித்து அடித்து ஏகச் சத்தம் போடும். வால்வே வேண்டாம் என்று முடிவு செய்து, பிஸ்டனைச் சுற்றி இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். வால்வைத் தள்ளும் கேம்ஷாஃப்ட் இருக்கும் இடத்தில், மையம் விலகிச் சுற்றும் ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு ஸ்லீவின் அடியில் இருக்கும் காதுக்கும் ஒரு குட்டைக் கனெக்டிங் ராடு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஸ்லீவ் ஒருமுறை ஏறி இறங்கும். இரண்டு ஸ்லீவின் ஜன்னலும் சிலிண்டரின் ஜன்னலும் நேருக்கு நேர் வரும்போது ஒரு பக்கம் பெட்ரோல் காற்று உள்ளே வரும், இன்னொரு சமயம் மறுபக்கம் புகை வெளியே போகும். கோவென்ட்ரியில் டைம்லர் கம்பெனி 1908இல் இதை அறிவித்து, 1930களின் நடுவரை விடாமல் செய்தது. சத்தமில்லாத வண்டி என்று ராஜாக்கள் வாங்கினார்கள். எண்ணெய் மட்டும் நிறையக் குடிக்கும், பின்னால் நீலப் புகை விடும்.

இப்போது உன் கையில் இருப்பதை எடு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வெளிச்சுவரைப் பார். கீறல்கள் நேராக மேலும் கீழுமாக ஓடினால் அது நைட்டின் இரட்டை ஸ்லீவ். சாய்ந்து சுற்றி முட்டை வடிவில் வளைந்தால் வேறு சாமான். ஸ்காட்லாந்தின் ஆர்கில் கம்பெனி 1911 வாக்கில் எடுத்துக்கொண்ட ஒற்றை ஸ்லீவ், ஏறி இறங்கும்போதே கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழலும். நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் எனக்குத் தெரிந்தவரை கோடு நேர்தான். ஆனால் போன் படத்தை நம்பி நான் சொல்ல மாட்டேன், நீ கண்ணால் பார்.

அடுத்து உள்பக்கம். நைட் எஞ்சினில் சிலிண்டர் தலை ஒரு மூடி மாதிரி உள் ஸ்லீவுக்குள்ளே இறங்கி நிற்கும், அந்தத் தலைக்கும் ரிங் உண்டு. அதனால் உள் ஸ்லீவில் பளபளப்பு இரண்டு இடத்தில் இருக்கும், பிஸ்டன் ஓடிய இடம் கீழே, தலையின் ரிங் தேய்த்த இடம் மேலே. வெளி ஸ்லீவுக்குள் பிஸ்டன் போனதே இல்லை, அதனால் அங்கே கரி பிடித்திருக்காது. உன்னுடையது உள்ளே கரியோடு இருப்பதால் உள் ஸ்லீவ் என்றுதான் தோன்றுகிறது.

உள் விட்டம் 90 மில்லி என்று எழுதியிருந்தாய். அதை அங்குலமாக்கி, வர்க்கம் எடுத்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகு. அந்தக் காலத்து இங்கிலாந்து வரிக்காரர்கள் குதிரைசக்தி போட்ட கணக்கு அதுதான். நாலு சிலிண்டர் என்றால் 20, ஆறு என்றால் 30 வரும். டைம்லரில் 20, 30 இரண்டு வண்டியும் இருந்தன, அதனால் எனக்கும் கை பரபரக்கிறது. ஆனாலும் அதில் கட்டும் அடையாளச் சீட்டில் டைம்லர் என்று எழுதிவிடாதே. பெல்ஜியத்தின் மினர்வாவும் பிரான்ஸின் பன்ஹார்டும் இதே நைட் எஞ்சினைச் செய்தார்கள். இப்போதைக்கு "நைட் இரட்டை ஸ்லீவ், உள் ஸ்லீவாக இருக்கலாம், 90 மில்லி" என்று மட்டும் எழுதிக் கட்டு. ஸ்லீவின் அடியில் இருக்கும் காதில் ஏதாவது எண்ணோ எழுத்தோ குத்தியிருந்தால், அதன் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்பு. கேமராவில் விழாத எழுத்துகூட பென்சிலில் எழும்பும்.

மெல்லிய வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் சில்லாகிவிடும். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி நிற்கவைத்து வை, படுக்கவைத்து மேலே எதையும் அடுக்காதே. இந்தச் சாமான்களைக் கொடுத்த கடைக்காரரிடம் மறுபடி போனால், இதே அளவில், இதற்கு வெளியே சரியாக இறங்கும் பெரிய குழாய் ஒன்று அவரிடம் கிடக்கிறதா என்று கேள். கிடைத்தால் ஒன்றை ஒன்றுக்குள் மெல்ல விட்டுப் பார், விடும்போது எனக்குப் போன் போடு. ராத்திரியானாலும் பரவாயில்லை, நான் எடுக்கிறேன். அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா